உழைப்பும் நகையும்

நுழையுமுன்

வேலை என்பது முகத்தை இறுக்கிக்கொண்டு செய்ய வேண்டிய ஒன்று எனச் சிலர் எண்ணுகின்றனர். வயலிலும் கிணற்றடியிலும் கடற்கரையிலும் உழைத்த நம் முன்னோர் அவ்வாறு எண்ணியதில்லை. பாட்டும் பகடியும் அவர்கள் உழைப்பின் உடனிருந்தன. அவை எவ்வாறு பிறந்தன, எவ்வகை நகை உடன் உழைப்பவரைத் தாங்கியது, எவ்வகை நகை அவரைப் புண்படுத்தியது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.



சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அவர்களுடைய இரும்புப் பீரோ படிக்கட்டின் வளைவில் திரும்பவில்லை. ஆகவே, தொழிலாளர் ஐவர் மாடியிலிருந்து தடித்த கயிற்றை இறக்கி, அதனை வெளிப்புறமாக மேலே இழுக்கத் தொடங்கினர். அவர்களுள் மூத்தவர், 'ஜோர் லகாகே' என்று குரல் கொடுத்தார். மற்றையோர் 'ஹைஷா' என்று கூறி ஒருசேர இழுத்தனர். ஒவ்வொரு 'ஹைஷா'வுக்கும் பீரோ ஒரு முழம் மேலேறியது.

இரண்டாம் மாடியளவில் கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டிவிட்டுச் சற்று இளைப்பாறினர். அப்பொழுது அம்மூத்தவர் இந்தியில் சொன்னதன் பொருள் இது: 'மெல்ல இழுங்கள் தம்பிகளே! உள்ளே வீட்டுக்காரரின் மாமியார் உறங்குகிறார் போலும். விழித்துக்கொண்டால் நமக்குக் கூலி கிடைக்காது!' அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். கீழே நின்ற வீட்டுக்காரரும் சிரித்தார். அவருக்கு அருகில் மாமியாரும் நின்றிருந்தார்; எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் அவரே. பின்பு கயிற்றை அவிழ்த்தனர், சிரிப்பு அடங்கியது, மீண்டும் 'ஹைஷா' ஒலித்தது.

இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. இழுக்கும் வேளையில் அவர்கள் சிரிக்கவில்லை. அப்பொழுது சிரித்தால் கை தளரும். பீரோ கீழே விழும். இழுக்கும்போது தாளம், இளைப்பாறும்போது பகடி. இந்த வரையறையை அவர்களுக்கு எவரும் ஏட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. உழைத்துப் பழகியவர்க்கு எப்பொழுது சிரிக்கலாம் என்பதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

'ஹைஷா' என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு நம் கடற்கரையின் 'ஐலசா' நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் உறவு உண்டா என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். பயன் மட்டும் ஒன்றே. கரைவலை இழுக்கும்போது வலையின் இரு புறத்துக் கயிறுகளையும் பலர் வரிசையாக நின்று பற்றி இழுப்பர். ஒருவர் முந்தியும் மற்றொருவர் பிந்தியும் இழுத்தால் அத்தனை பேரின் வலிமையும் சிதறிப்போகும். 'ஏலேலோ' என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, 'ஐலசா' என்று மற்றவர் முடிக்க, பல கைகள் ஒரு கையாகும். அகராதியில் பொருள் தேட இயலாத இச்சொற்கள் கடலிலிருந்து வலையைக் கரை சேர்த்தன.

இனி வயல்வெளிக்கு வருவோம். மின்விசை எக்கிகள் வருவதற்கு முன்னர் நம் நாட்டில் கிணற்றுநீரை இறைக்க ஏற்றம் பயன்பட்டது. கிணற்றருகே உறுதியான தூணை நட்டு, அதன்மேல் நீண்ட மரமொன்றைத் தராசுக்கோல்போல் பொருத்துவர். மரத்தின் ஒரு முனையிலிருந்து நீண்ட கழி தொங்கும்; கழியின் அடியில் சால் இருக்கும். மரத்தின் மீது ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னுமாக நடப்பர். அவர்கள் கிணற்றின் பக்கமாக நடந்தால் சால் நீருக்குள் இறங்கும். பின்னோக்கி நடந்தால் நீர் நிறைந்த சால் மேலே எழும். கீழே நிற்பவர் அதனைப் பற்றிக் கவிழ்த்து வாய்க்காலில் பாய்ச்சுவார்.

பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கும் இவ்வேலை, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டிய வேலை. மேலே நடப்பவர் கால் தவறினால் கிணற்றுக்குள் விழ நேரும். இங்குதான் ஏற்றப்பாட்டு துணைக்கு வந்தது. பாட்டின் ஓரடிக்கு ஒரு சால் என்பது கணக்கு. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற எண்ணிக்கையையும் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடினர். காலுக்குத் தாளமாகவும் கணக்குக்கு ஏடாகவும் சோர்வுக்கு மருந்தாகவும் ஒரே பாட்டு உதவியது. எழுத்தறியாத உழவர் கண்ட இவ்வேற்பாட்டை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகிறது.

கம்பரைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்று உண்டு. வழிநடையாகச் சென்ற கம்பர், ஏற்றம் இறைப்பவர் ஒருவர் பாடிய அடியொன்றைக் கேட்டாராம். மூங்கிலின் இலைமேல் தங்கியிருக்கும் பனித்துளியைப் பற்றியது அவ்வடி. அந்த அளவில் அன்றைய வேலை முடிந்துவிட்டது; பாடியவர் ஏற்றத்தை விட்டு இறங்கி வீட்டுக்குச் சென்றுவிட்டார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் எண்ணிப் பார்த்தும் மனத்துக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் வந்து காத்திருந்தார். உழவர் ஏற்றத்தில் ஏறினார். பனித்துளியைக் கதிரவன் வாங்கிக்கொள்வதாக எளிமையாகப் பாடி முடித்தார். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்ற பழமொழியை இக்கதையோடு சேர்த்துச் சொல்வர். இது வரலாற்று நிகழ்ச்சி அன்று. ஆயினும் பெரும்புலவர் ஒருவரை ஓர் உழவரிடம் பாடங்கேட்க வைத்து மகிழ்ந்த மக்களின் குறும்பு இக்கதையில் தெரிகிறதன்றோ?

நடவு வயலின் நகை வேறு வகையானது. என் தந்தையின் தாயை நாங்கள் 'அப்பாயி' என்று அழைப்போம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அறுபது வயது வரை நாற்று நட்டவர் அவர். முழங்காலளவு சேற்றில் இடுப்பை வளைத்து, இடக்கையில் நாற்றுமுடியைப் பிடித்து, வலக்கையால் நட்டவாறே பின்னோக்கி நகர வேண்டும். மாலையில் நிமிரும்போது முதுகு தன்னுடையதாகவே இராது என்பார். 'அப்படியானால் ஏன் பாடினீர்கள்?' என்று சிறு வயதில் கேட்டேன். 'பாடாமல் இருந்தால் முதுகு வலிக்கிறது தெரிந்துவிடுமே!' என்றார்.

ஒருவர் பாட்டெடுக்க, மற்றையோர் வாங்கிப் பாடுவர்; இடையிடையே குலவை ஒலிக்கும். புதிதாக மணமாகி வந்த பெண்ணின் வெட்கமும், நடவில் பின்தங்கியவரின் சோம்பலும், வரப்பின்மேல் குடை பிடித்து நிற்கும் மேற்பார்வையாளரின் மிடுக்கும் பாட்டுக்குள் வந்து சேரும். பின்தங்கியவர் விடுவாரா? அடுத்த அடியில் பாட்டெடுத்தவரையே வாரிவிடுவார். வரப்பு வழியே வேற்றூரார் எவரேனும் வந்தால் நாற்றுமுடியைக் காட்டி வழிமறித்து, விளையாட்டாகக் காசு கேட்பதும் உண்டாம். கிடைத்த காசில் வெற்றிலை பாக்கு வாங்கி அனைவரும் பகிர்ந்துகொள்வர். வேலை அன்று குறைந்தபாடில்லை. சுமை மட்டும் குறைந்தது என்பார் அப்பாயி.

இத்தகைய பாடல்கள் வாய்மொழியாகவே வழங்கியமையால், பாடியோர் மறைந்தால் பாட்டும் மறையும் நிலை இருந்தது. நல்வாய்ப்பாக அறிஞர் சிலர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலை 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' ஆகியன அவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. உங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையெனில் வாங்கி வைக்குமாறு நூலகரிடம் கேளுங்கள்.

உங்களைப் போலவே ஊர்விட்டுச் சென்ற தமிழரின் கதை ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து பல்லாயிரவர் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்று முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். அவர்களை அழைத்துச் சென்று வேலை வாங்கியவர் கங்காணி எனப்பட்டார். அவரை எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டப்படும். அன்றைய கூலி போய்விடும். ஆனால் பாட்டை யார் தடுப்பது? கொழுந்து பறித்துக்கொண்டே கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் பகடி செய்து பாடினர். அவர் அருகில் வந்து, 'யாரைப் பாடுகிறாய்?' என்று அதட்டினால், 'பழைய பாட்டுங்க!' என்று சொல்லிவிடலாம் அல்லவா?

மலையகத்தில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் தொகுத்து அளித்தார். அவர் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிவிட்டது. பாட்டும் பகடியும் அவர்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தன. கூலியையும் குடியுரிமையையும் தரவில்லை. அவற்றுக்காக அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. வேலை செய்யுமிடத்தில் சிரிப்பொலி கேட்கிறது என்பதாலேயே அங்கே குறையொன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

மலைநாட்டில் அதிகாரம் உடையவர்க்கு அஞ்சி, பாட்டுக்குள் மறைந்து நகைத்தனர். அதிகாரம் உடையவரே, 'என்னையும் நகையாடுக' என்று இடந்தந்த நிகழ்ச்சி நம் தில்லியில் நடந்தது. கேரளத்தின் காயங்குளத்தில் 1902ஆம் ஆண்டில் பிறந்த சங்கர் பிள்ளை, தில்லிக்கு வந்து கேலிச்சித்திரக்காரராகப் புகழ்பெற்றார். 1948ஆம் ஆண்டில் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் நகைச்சுவை வார இதழைத் தொடங்கினார். அதன் தொடக்க விழாவுக்கு வந்த தலைமையமைச்சர் நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் எனச் சங்கரிடம் கூறினார். சங்கரும் விட்டுவைக்கவில்லை. பல்லாண்டுகள் நேருவின் மூக்கும் தொப்பியும் அவருடைய தூரிகையில் பல கோலங்கொண்டன. இருவர் நட்பும் குன்றவில்லை. இதழ் 1975ஆம் ஆண்டில் நெருக்கடிநிலைக் காலத்தில் நின்றது. சங்கர் 1965ஆம் ஆண்டில் நிறுவிய பொம்மை அருங்காட்சியகம் பகதூர் ஷா ஸஃபர் மார்க்கில் உள்ளது. மயூர் விஹாரிலிருந்து யமுனையைக் கடந்தால் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். பல நாட்டுப் பொம்மைகள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

இனி இலக்கணம் என்ன சொல்கிறது எனப் பார்ப்போம். முகஞ்சுளிக்க வேண்டா, இஃது இனிய இலக்கணமே. தொல்காப்பியம் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறது. மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது நகை. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அந்நூல் வகுக்கிறது. பிறரை இகழ்தலாகிய எள்ளல் ஒன்று. சிறுபிள்ளைத்தன்மையாகிய இளமை மற்றொன்று. அறியாமையாகிய பேதைமை, சொன்னதை அப்படியே நம்பிவிடுகின்ற மடன் ஆகியன ஏனைய இரண்டு. இந்நான்கும் பிறரிடம் தோன்றினாலும் நகை வரும். தன்னிடமே தோன்றினாலும் நகை வரும் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்குவார். தன் பேதைமையைக் கண்டு தானே நகைத்தலையும் நம் முன்னோர் இலக்கணத்தில் சேர்த்து வைத்தனர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எள்ளலால் பிறக்கும் நகையை நான் தில்லிக்கு வந்த முதலாண்டில் நன்கு அறிந்தேன். அப்பொழுது நான் பணியாற்றிய பள்ளியில் ஆசிரியர் அறையில் அனைவரும் இந்தியிலேயே பேசுவர். நான் ஏட்டில் படித்த இந்தியைக் கொண்டு, 'சாய் அச்சா ஹை' என்றேன். இந்தியில் தேநீர் பெண்பாலாம்; 'அச்சீ ஹை' என்று சொல்லியிருக்க வேண்டும். உயிரற்ற பொருளுக்குத் தமிழில் ஏது ஆண், பெண்? உடன் பணியாற்றிய ஒருவர் அன்று முதல் நாள்தோறும் இடைவேளையில் நான் சொன்னதை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். அறை முழுதும் சிரிக்கும். முதல் வாரம் நானும் உடன்சேர்ந்து சிரித்தேன். இரண்டாம் வாரம் சிரிப்பதுபோல் நடித்தேன். மூன்றாம் வாரம் தேநீரைக் குடுவையில் கொண்டுவந்து, ஆளில்லா வகுப்பறையில் தனியே அமர்ந்து குடிக்கத் தொடங்கினேன். அங்கிருந்த எவரும் கொடியவர் அல்லர். சிரிப்பு ஒரே ஒருவர் மீது நாள்தோறும் இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

அப்பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்த முதிய அம்மையார் ஒருவர் இதனைக் கவனித்தார். ஒரு நாள் என்னைத் தேடி வகுப்பறைக்கே வந்து, 'உங்கள் மொழியில் நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்து ஒன்று உண்டாமே! எனக்குக் கற்றுத் தருவீர்களா?' என்று இந்தியில் கேட்டார். 'வாழைப்பழம்' என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு 'வாலைப்பலம்' என்றே வந்தது. பத்து முறை முயன்றார்; பத்தாம் முறை அவரே தம் நாவை நொந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பின்பு, 'நான் வாழைப்பழம் சொல்லப் படும் பாட்டை அனைவரும் பார்க்கட்டும், வாருங்கள்' என்று என்னை ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்றார். அன்று அறையிலிருந்த அனைவரும் 'வாழைப்பழம்' சொல்ல முயன்றனர். என்னைப் பகடி செய்தவருக்கு அவ்வெழுத்து இன்றுவரை வசப்படவில்லை. எனக்கும் இந்தியில் எப்பொருள் ஆண், எப்பொருள் பெண் என்பதில் இன்றும் ஐயம் தீரவில்லை. இடைவேளைத் தேநீர் மட்டும் சுவையாக இருந்தது.

திருக்குறளில் 'பண்புடைமை' என்னும் நூறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 999ஆம் குறள், பிறரோடு கலந்து சிரித்து மகிழ இயலாதவர்க்கு இப்பேருலகம் பகலிலும் இருளில் கிடப்பதாகத் தோன்றும் என்கிறது. அதே அதிகாரத்தின் 995ஆம் குறள், விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்கிறது. ஒரே அதிகாரத்தில் நான்கு குறள் இடைவெளியில் இவ்விரண்டையும் வள்ளுவர் வைத்துள்ளார். சிரிக்கத் தெரியாதவரும், பிறர் மனம் புண்படச் சிரிப்பவரும் ஒரே குறையை உடையவர்கள் என்று அவர் கருதினார் போலும்.

உங்களுள் சிலரை உடன் படிப்போர் 'மதராசி' என்று அழைத்திருக்கலாம். இட்லியைச் சொல்லியும் நாம் பேசும் இந்தியைச் சொல்லியும் சிரித்திருக்கலாம். நீங்களும் புதிதாகச் சேர்ந்த வேற்று மாநிலத்து மாணவர் ஒருவரைப் பார்த்து அவ்வாறே சிரித்திருக்கலாம். நடவு வயலில் பின்தங்கிய பெண்ணுக்கு அடுத்த அடியில் திருப்பிப் பாட இடமிருந்தது. பீரோவின் அருகில் நின்ற மாமியாரும் சேர்ந்து சிரித்தார். ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த அடி இருக்கவில்லை; அதனை அவ்வம்மையார் ஏற்படுத்திக் கொடுத்தார்.

இக்காலத்து அலுவலகங்கள் சிலவற்றில் பணியாளர் மகிழ்வுக்கெனத் தனி நாளும் மேசைப்பந்தாட்ட மேடையும் ஏற்பாடு செய்கின்றனர். நல்லதே. ஆயினும், மாலை ஆறு மணிக்கு மேலும் வேலை வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் அனைவரும் கட்டாயம் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது விளையாட்டு ஆகுமா? அப்பாயிக்கு எவரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. பாட்டெடுப்பதும் நிறுத்துவதும் நடவு நட்ட பெண்களின் கையில் இருந்தன.

உங்கள் பெற்றோர் அரசு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ கடையிலோ தொழிற்கூடத்திலோ பணியாற்றலாம். இரவு வீடு திரும்பும்போது அவர்கள் களைப்பை மட்டுமே நாம் காண்கிறோம். அங்கே அவர்கள் எதற்காகச் சிரித்தனர் என்று நாம் கேட்பதில்லை. இன்று கேட்டுப் பாருங்கள்.

சொல்லும் பொருளும்

பகடி – கேலி, வேடிக்கைப் பேச்சு
கரைவலை – கடலில் விரித்துக் கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை
சால் – நீர் இறைக்கும் பெரிய கலம்
நாற்றுமுடி – நடுவதற்காகக் கட்டிய நாற்றுக் கட்டு
குலவை – பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் மகிழ்ச்சி ஒலி
கொழுந்து – தேயிலைச் செடியின் இளந்தளிர்
பேர் வெட்டுதல் – அன்றைய வருகையைக் கணக்கிலிருந்து நீக்குதல்
எள்ளல் – இகழ்ந்து நகைத்தல்

பயிற்சி

1. ஏற்றப்பாட்டு உழவருக்கு எவ்வெவ்வகையில் உதவியது?

2. பீரோவை இழுத்த தொழிலாளர், இழுக்கும்போது சிரிக்காமல் இளைப்பாறும்போது சிரித்தது ஏன்?

3. மலைநாட்டுத் தொழிலாளர் கங்காணியை நேரில் குறை கூறாமல் பாட்டில் பகடி செய்ததன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.

4. ஆசிரியர் இரண்டாம் வாரம் 'சிரிப்பதுபோல் நடித்தேன்' என்கிறார். அவ்வாறு நடிக்க நேர்ந்தது ஏன்? நீர் அவ்வறையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?

5. ழகரம் வரும் பத்துச் சொற்களை எழுதி உரக்கப் படிக்க. தமிழ் அறியாத நண்பர் ஒருவரைச் சொல்லச் செய்க. பின்பு, உம் நாவுக்கு எளிதில் வராத அவர் மொழிச் சொல் ஒன்றை அவரிடம் கேட்டுச் சொல்லிப் பழகுக.

6. உம் தந்தை, தாய், தாத்தா, பாட்டி ஆகியோருள் ஒருவரிடம் அவர் வேலை செய்யுமிடத்தில் நிகழ்ந்த நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அப்பொழுது சிரிக்காமல் இருந்தவர் எவரேனும் உண்டா என்பதையும் கேட்டு எழுதுக.